கதவுக்கு வைத்த ஈறு

தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பற்கள் முப்பத்திரண்டும் கல்லுப்போல இருக்கும் மனிதருக்கு இந்தப் பெயர் கொஞ்சம் அநியாயம். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. மூன்று பல் மருத்துவர்கள் தங்களிடம் வருகிறவர்களின் வாய்க்கு அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அட்டைப் பெட்டியில் போட்டு அவருக்கு அனுப்புவார்கள். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவர் மெழுகில் பல் அடுக்கி, இளஞ்சிவப்பில் ஈறு வைத்து, மினுமினுவென்று மெருகேற்றி, அதே பெட்டியில் திருப்பி அனுப்புவார். பல் போட்டுக்கொண்டவர்கள் டாக்டரின் கைராசியைப் புகழ்ந்துகொண்டு போவார்கள். அந்தக் கை பின்னறையில் இருப்பது யாருக்கும் தெரியாது.

அவருக்குத் தெரியும், அது போதும். பேருந்தில் எதிரே இருப்பவர் ஒரு கொட்டாவி விட்டால், இது நம்ம வேலை என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை அப்படி முன்பின் அறியாத ஒருவரின் வாயைப் பார்த்துப் பெருமை பொங்கப் புன்னகைக்க, அந்த மனிதர் பையை எடுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

யாரையும் கண்ணைப் பார்த்துப் பேச அவருக்கு வராது. வாயைப் பார்த்துத்தான் பேசுவார். கல்யாணமான புதிதில், இவர் நம் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று மனைவிக்கு ஒரே வெட்கம். ஒரு வாரம் கழித்து அவர் வாயைத் திறந்தார். "மேல் வரிசையில இடது பக்கம் மூணாவது பல்லு கொஞ்சம் திரும்பியிருக்கு, கவனிச்சிருக்கியா?" வெட்கம் அன்றோடு போயிற்று.

அந்தப் பின்னறை எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, ஒரு விளக்கு, மேசையோரம் சின்ன மோட்டார், சுவர் முழுக்கத் தாடைகள். வடக்குப் பக்கச் சுவர், வெயில் எட்டிப் பார்க்காது. அதனால் மெழுகு சொன்ன பேச்சைக் கேட்டது. குறை என்று சொன்னால் கதவு ஒன்றுதான்.

மூன்று மாதமாக அது வம்பு செய்துகொண்டிருந்தது. மூடினால் திறக்காது. திறந்துவிட்டால் மூடாது. தோள் கொடுத்து இடித்தால் தடாலென்று வழிவிடும், கூடவே நிலைக்கு மேலிருந்து ஒரு பிடி காரையும் தலையில் விழும். எதற்கு வீண் மல்லுக்கட்டு என்று அவர் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தார். மோட்டாரில் பல் ராவும்போது கிளம்பும் தூசி அந்த இடைவெளி வழியாகக் கூடத்துக்குப் புறப்பட்டுப் போனது. டிவி மேல் படிந்தது. துவைத்து மடித்த துணிமேல் படிந்தது. மனைவியின் தலையிலும் படிந்தது. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண், "அக்கா, நரை வந்துடுச்சே" என்று கேட்க, "நரை இல்லடி, யாரோ ஒருத்தரோட கடைவாய்ப் பல்லு" என்று சொல்லித் தட்டிவிட்டாளாம்.

மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. பகல் முழுக்க ஊராரின் குழாய்க் குறைகளைக் கேட்டு, எண் போட்டு, ஆள் வருவாங்க என்று தேனாகப் பேசுகிறவள். அவளிடம் இருந்த பொறுமை மொத்தமும் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு மிச்சம் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர் பஸ்ஸில் அனுப்பிய அச்சுப் பெட்டியை வாங்க அவர் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார். மனைவி குடையைத் தேடிப் பின்னறைக்குள் போனாள். மழைக்காற்று ஒரே வீச்சில் கதவை அறைந்து சாத்தியது. அவர் திரும்பி வந்தபோது உள்ளே இருந்து குரல் மட்டும் கேட்டது.

"வந்துட்டீங்களா? வாங்க வாங்க. இருபத்தஞ்சு நிமிஷமா எழுபது வாய் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டிருக்கு."

"தள்ளி நில்லு, இடிக்கிறேன்."

இடித்தார். கதவு திறந்தது. தலையில் காரையும் கையில் குடையுமாக அவள் வெளியே வந்தாள்.

"பஸ் போச்சு."

"அடுத்த பஸ்..."

"நீங்க பேசாதீங்க. ஆபீஸ்ல ஒரு புகாரை மூணு மாசம் கிடப்புல போட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்களை எங்க அனுப்புறது?"

பதிலை அன்று மாலையே அவள் தன் அண்ணனுக்குப் போன் செய்து கண்டுபிடித்துவிட்டாள். அண்ணன் கட்டட கான்ட்ராக்டர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எந்தச் சுவரை இடிக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"கதவை ரிப்பேர் பண்றதா? எதுக்கும்மா? அந்தச் சுவத்தையே எடுத்துடலாம். ஹால் ஜம்முனு பெருசாயிடும்."

"அப்போ இவரோட வேலை?"

"மாப்பிள்ளைக்கு மொட்டைமாடியில தகரம் போட்டு ஒரு கொட்டகை அடிச்சுக் குடுத்துடுறேன். காத்தோட்டமா இருக்கும். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன், திங்கக்கிழமை ஆளு வந்துடும்."

தகரக் கொட்டகை என்றதும் பல்செட்டுக்காரருக்கு மெழுகுதான் நினைவுக்கு வந்தது. பல் நிற்பது மெழுகில். உச்சிவெயிலில் தகரத்துக்கு அடியில் மெழுகு என்ன ஆகும்? காலையில் சிப்பாய்போல் வரிசையில் நின்ற பற்கள், மத்தியானத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து அரட்டையடிக்கும். அப்புறம் ஏதாவது ஒரு டாக்டரின் கிளினிக் மூலையில் முக்காலி போட்டு, தன் வயதில் பாதி உள்ளவர் "அண்ணே, முடிஞ்சுதா?" என்று எட்டிப் பார்க்க, அங்கேதான் பிழைப்பை ஓட்ட வேண்டும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கதவு சரியாயிட்டா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அண்ணா பாத்துச் சரின்னு சொல்லட்டும், சுவரு நிக்கட்டும். ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்க."

"ஆசாரி எதுக்கு? கதவுன்னா என்ன? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டும் சரியா சேரணும். இதைத்தான் நான் இருபத்தஞ்சு வருஷமா செய்யறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கதவு மென்னு சாப்பிடப் போகுதா?"

புதன்கிழமை அவர் வேலையைத் தொடங்கினார். பல் டாக்டர்கள் வாயில் ஒரு நீலத் தாளை வைத்து "கடிங்க" என்பார்களே, கடித்தால் உயரமாக இருக்கும் இடத்தில் நீலப் பொட்டு விழுமே, அந்தத் தாள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தது. கதவின் பூட்டுப் பக்க விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே தாளைப் பிடித்தார். மெல்லக் கதவைச் சாத்தினார்.

"கடி... கொஞ்சம் கடி... போதும். இப்போ திற."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உள்ள யாரு?"

"கதவு."

"வலிக்குதான்னும் கேட்டுக்கோங்க."

விளிம்பின் மேற்பகுதியில் நீலம் அழகாக விழுந்திருந்தது. அவர் மகிழ்ந்துபோனார். அரம் எடுத்தார். மரத்தை ராவுவதற்கான அரம் அல்ல, பல்லுக்கானது. சுண்டுவிரல் நீளம். நீலம் இருந்த இடத்தை மட்டும் ஒரு முடிக் கனத்துக்கு ராவினார். அதற்கு மேல் எடுப்பது அவர் தொழிலில் பாவம். மறுபடி தாள். மறுபடி கடி. நீலம். மறுபடி ஒரு முடி.

அன்று மாலை கதவு தொண்டையைச் செருமிக்கொண்டு மூடியது. வியாழக்கிழமை காலை பார்த்தால் மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி நீலம், அதே இடத்தில். பிடிவாதமான பல் என்று நினைத்துக்கொண்டு ராவினார். வெள்ளிக்கிழமையும் அதே கதை.

"எவ்வளவு எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு நாப்பது முடி இருக்கும்."

"உங்க தலையில இருக்கிறதை விட ஜாஸ்தி. இந்த வேகத்துல போனா நான் ரிட்டயர் ஆகும்போது கதவு திறக்கும்."

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். மத்தியானம் வந்து கைப்பையை வைத்தாள், பின்னறைக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், பேனாவை எடுத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது. அலுவலகத்துத் தேன் குரல்.

"சொல்லுங்க சார். எப்போலேர்ந்து இந்தப் பிரச்சினை?"

"விளையாடாதே. நாளைக்கு உங்கண்ணன் வந்துடுவாரு."

"எப்போலேர்ந்து சார்?"

"மூணு மாசமா."

"அதுக்கு முன்னாடி அந்த இடத்துல புதுசா ஏதாவது மாட்டினீங்களா, கழட்டினீங்களா? ஊர்ல முக்காவாசிப் புகாருக்கு இதுல பதில் இருக்கும்."

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவர் கண் கதவின் உட்பக்கம் போனது. அங்கே ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு கித்தான் பை. மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே திருகி, அவரே மாட்டியது.

"ஒரு பை மாட்டினேன்."

"பைக்குள்ள என்ன சார்?"

"பழைய வார்ப்பு. வேலை முடிஞ்ச தாடைங்க. தூக்கிப்போட மனசு வரல, அலமாரியில இடமும் இல்ல."

"எத்தனை பேரோடது?"

"ஒரு... அறுபது எழுபது பேர்."

அவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் பையைத் தூக்கிப் பார்த்தாள். பை அசையவில்லை. அவள்தான் கதவோடு சேர்ந்து ஆடினாள். தரையைக் காட்டினாள். சிவப்புத் தரையில் கால்வட்டமாக வெள்ளைக் கீறல், கதவின் அடிப்பாகம் உரசி உரசி விழுந்தது. பிறகு எதிர்ப்பக்கம் போய் மேல் கீலைத் தொட்டாள். திருகாணிகள் மூன்றும் ஆட்டம் கண்டு, பாதி வெளியே வந்து அவளை வரவேற்றன.

"எழுபது பேரோட தாடையைக் கதவுல தொங்கவிட்டுட்டு, கதவு ஏன் தொங்குதுன்னு நாலு நாளா அரத்தை வச்சு விசாரிச்சிட்டிருக்கீங்க."

அவர் காதுவரை சிவந்துபோனார். எந்த டாக்டரிடம் சண்டை போட்டாலும் அவர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. பல்லு உயரமா இல்ல டாக்டர், தாடை இறங்கியிருக்கு, சும்மா பல்லை ராவாதீங்க. போனில் எத்தனை தடவை கத்தியிருப்பார்! நீலத் தாள் இடிக்கிற இடத்தைக் காட்டும், ஏன் இடிக்கிறது என்று சொல்லாது. ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி சொந்தக் கதவு விஷயத்தில் பல்லிளித்துவிட்டது.

"புகார் எண் என்ன சார் போடட்டும்?"

"எந்திரிடி, வேலை கிடக்கு."

பையை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். கதவுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி மேலே தூக்கி நிறுத்தினார்கள். மேல் கீலின் திருகாணிகளைக் கழற்றினால் ஓட்டைகள் ஓவென்று வாயைப் பிளந்தன. அன்று முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. ஓட்டை விழுந்த இடத்தை நிரப்புவது அவருக்குத் தெரிந்த வேலை. பல் குத்தும் குச்சி ஒரு டப்பா, மரப்பசை ஒரு குப்பி. ஓட்டைக்கு ஏழெட்டுக் குச்சி வீதம் பசையில் தோய்த்து அடித்து இறக்கி, நுனியை மழித்து, காயவிட்டு, சாயங்காலம் திருகாணியை முறுக்கினார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கதவு நிமிர்ந்தது. தரையை விட்டு எழும்பியது. ஒரு விரலால் தள்ளினால் பூனைபோல் வந்து மூடியது.

மூடியபின்தான் தெரிந்தது. நாற்பது முடி ராவிய இடத்தில், கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு, இடைவெளி. கூடத்து விளக்கு வெளிச்சம் அதன் வழியாக உள்ளே வந்து அவர் மூக்கின்மேல் கோடு போட்டது. தூசி தாராளமாகப் போய்வரலாம்.

"பரவாயில்லையே," என்றாள் மனைவி, இடைவெளிக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி. "உங்களைக் கண்காணிக்க வசதியா இருக்கும்."

அவர் கதவு விளிம்பில் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டார், பிடிப்புக்கு. கிண்ணத்தில் பல்செட்டுக்கான பொடியைக் கொட்டி, அதற்குரிய திரவத்தை ஊற்றி, குழைத்தார். மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. குழம்பு நூல்விடும் பதத்துக்கு வந்ததும் விளிம்பில் அப்பி, விரலை நனைத்து வழித்து, இறுகியதும் ராவி, கடைசியில் மெருகேற்றும் துணிச் சக்கரத்தைக் கொண்டு பளபளவென்று துடைத்தார். கதவு கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு தாள்கூட நுழையாது. காப்பி நிறக் கதவின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இளஞ்சிவப்பு.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். "உங்ககிட்ட வெள்ளையும் இருக்குல்ல?"

"அது பல்லுக்கு. இது ஓரம். ஓரத்துக்கு ஈறுதான்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு கான்ட்ராக்டர் வந்தார். வாசலிலேயே கூடத்தைக் கையால் அளந்தார். தங்கை கொடுத்த டீயையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு நேரே கதவுக்குப் போனார். இடுப்பிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். குறை ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு விளிம்பு கண்ணில் பட்டது.

"இது என்ன மாப்பிள்ளை, ரோஸ் கலரா?"

"ஈறு, மச்சான்."

"என்னது?"

"கதவு கொஞ்சம் தேஞ்சு போச்சு. ஈறு வச்சுக் கட்டினேன்."

கான்ட்ராக்டருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. ஆனால் வந்த சிரிப்பை அவர் சட்டென்று கையால் பொத்திக்கொண்டார். பல்செட்டுக்காரரின் பார்வை அந்தக் கைமேல் நின்றது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கிற மனிதர் ஏன் வாயைப் பொத்துகிறார்? கவனித்தார். மச்சான் பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. டீயில் முக்கி, அது தொளதொளவென்று ஆகும்வரை காத்திருந்து உறிஞ்சினார். விழுங்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். முன்வரிசையில் மேலே நாலு பல், நூல் பிடித்துக் கட்டிய சுவர்போல ஒரே மட்டம். இயற்கை அப்படிச் செய்யாது. நல்ல வேலைக்காரனும் செய்யமாட்டான்.

"கதவு சரியாத்தான் இருக்கு," என்றார் கான்ட்ராக்டர். "ஆனா சுவரு இருக்கிறது இடைஞ்சல்தானே. திங்கக்கிழமைக்கு ஆளு சொல்லிட்டேன். கொட்டகைக்குத் தகரமும் பாத்தாச்சு."

"சரி மச்சான். எதுக்கும் உள்பக்கமிருந்தும் ஒரு தடவை பாத்துடுங்க."

கான்ட்ராக்டர் உள்ளே வந்தார். பல்செட்டுக்காரர் கதவைச் சாத்தினார். வெளியுலகம் அடங்கிப்போனது.

"யாரு செஞ்சது?" என்று கேட்டார் மெதுவாக.

"எது?"

"மேல நாலு. ஆடுது. மேல் அண்ணத்துல குத்துதா?"

கான்ட்ராக்டர் கதவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவரிலிருந்த தாடைகள் எல்லாம் அவரையே பார்த்தன. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசமாச்சு மாப்பிள்ளை. கட்டடத்துல சாரக் கம்பத்துல இடிச்சுக்கிட்டேன். எங்கயோ போய் அவசரத்துல போட்டுக்கிட்டேன். கஞ்சிதான் குடிக்கிறேன்."

"என்கிட்ட வர்றதுக்கென்ன?"

"வந்தா அவளுக்குத் தெரிஞ்சுடுமே! அவ எண் போட்டு ஊர் பூரா அனுப்பிடுவா. உங்க ரூம் கதவு வேற மூடாதுன்னு சொன்னா."

"இப்போ மூடுது. கழட்டிக் குடுங்க."

கான்ட்ராக்டர் திரும்பிக்கொண்டு கழற்றினார். உள்ளங்கையில் வந்து விழுந்ததைப் பல்செட்டுக்காரர் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, ச்சொச்சொ என்றார். யாரோ அரைகுறை. சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும். அப்போது கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, என்ன பண்றீங்க உள்ள?"

கான்ட்ராக்டர் வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணை உருட்டினார். கை நீண்டது, பல்லைக் கொடுங்கள் என்று. பல்செட்டுக்காரர் அதை அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறப் போட்டார்.

"மச்சான் சுவத்தைத் தட்டிப் பாத்துட்டிருக்காரு," என்றார் கதவைப் பார்த்து. "இடிக்க வேண்டாம்ங்கிறாரு."

"அவரே சொல்லட்டுமே."

 பல்செட்டுக்காரர் கிண்ணத்தைத் தன் பக்கமாக இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தார்.

"ம்ம்," என்றார் கான்ட்ராக்டர், மூக்கால்.

"அப்போ தகரக் கொட்டகை?"

"ம்ஹூம்."

வெளியே நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். குரல் தேனாக மாறியது.

"நல்லது சார். ஆமா, இல்லைன்னு சொன்னா போதும், வாயைத் திறந்து சிரமப்பட வேண்டாம். சுவரு நிக்கிறதால ஹால் இருட்டாவே இருக்கும். தெருப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வச்சுக் குடுத்துடுவீங்களா?"

கான்ட்ராக்டர் பல்செட்டுக்காரரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இவர் இரண்டு கையையும் விரித்தார். உண்மையாகவே தெரியாதுதான். அவள் பிஸ்கட்டை எப்போது கவனித்தாள் என்று அவருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"ம்ம்."

"கண்ணாடி போட்டதா?"

"...ம்ம்."

"திங்கக்கிழமை அதான் ஆளு வர்றாங்களே, அவங்களே ஆரம்பிச்சுடலாமா?"

பல்செட்டுக்காரர் மோட்டாரைப் போட்டார். பாவம், மச்சான் இன்னும் எத்தனை கேள்விக்குத் தலையாட்டுவார்? சத்தத்தில் அவளுடைய அடுத்த கேள்வி அமுங்கிப்போனது. மனிதர் நன்றியோடு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.